கதவின் அடிவிளிம்பு

சின்னமனூரில் தேக்குக் கதவு செய்து வைத்தவருக்கு அதன்மேல் வர்ணம் பூச மனம் வருமா? மரத்தின் வரி தெரியவேண்டும் என்று வார்னிஷ்தான் கேட்பார். உள்ளதை உள்ளபடி காட்டும் பூச்சு! ஆனால் வர்ணத்திலுள்ள நிறப்பொடி வெயிலைத் தடுக்கிறது. சாதாரண வார்னிஷோ உள்ளே விட்டுவிடுகிறது. புற ஊதாக் கதிர் பட்டு, மரநாரைப் பிணைக்கும் லிக்னின் சிதைய, பிடிப்பிழந்த பூச்சு செதில் செதிலாக உரிகிறது. உரியுமுன் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பூசவேண்டும்.

அது போகட்டும். எனக்குப் பெரிதாகப் படுவது கதவின் அடிவிளிம்பு. மாட்டிய பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை, ஆசாரியைக் கேட்பதுமில்லை. நெடுக்குச் சட்டங்களின் வெட்டுவாய் அங்கேதான் இருக்கிறது. மரம் உயிரோடிருந்தபோது நீர் ஏறிய அதே நுண்குழாய்கள், மேற்கு மலை தாண்டி வரும் ஆனிச் சாரலையும் உறிஞ்சும். முகப்புக்கு மூன்று கை பூசி, அடியை வெறுமையாக விட்டவர் பொய் சொன்னாரா? கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பார். கேட்காத இடத்திலும் கடமை உண்டா என்பதே வழக்கு. உண்டு என்பது என் கட்சி. ஆனால் ஆசாரியை மட்டும் கூண்டில் ஏற்ற மாட்டேன். கதவை மாட்டுமுன்தான் அடியில் பூச முடியும். கிரகப்பிரவேசத்துக்கு நாளாகிவிட்டதென்று உடனே மாட்டச் சொன்னவர் வீட்டுக்காரரல்லவா?