பொருளியல் மாணவரின் ஆங்கிலமும் சொல்லின் அறமும்

பொருளியல் மாணவருக்கு ஆங்கிலத் தொடர்பாற்றல் கற்பிக்கும் பாடங்கள் பெரும்பாலும் உச்சரிப்பு, நேர்முகத் தேர்வு, குழு விவாதம் என்ற அளவில் நின்றுவிடுவதால், மொழி என்பது ஏற்கெனவே முடிந்துவிட்ட சிந்தனைக்கு ஏற்றப்படும் மெருகு என்ற எண்ணமே மாணவரிடம் நிலைபெறுகிறது. பிறருக்கு விளங்கும்படி பேசுவது வெறும் திறனா, கேட்பவருக்குச் செய்ய வேண்டிய கடமையா என்ற மெய்யியல் வினா அவ்வகுப்புகளில் எழுவது அரிது.

நவீனப் பொருளியலின் முன்னோடியான ஆடம் ஸ்மித்துக்கு இவ்வினா அயலானதன்று. ஸ்காட்லாந்தில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் ஆறாண்டுகள் பயின்று திரும்பிய அவர் 1748இல் எடின்பரோவில் தொடங்கிய பொது விரிவுரைகள் சொல்வன்மையியலை, அதாவது கேட்பவர் மனங்கொள்ளுமாறு கருத்துரைக்கும் முறையை ஆராயும் துறையைப் பற்றியவை. ஸ்காட்லாந்து வழக்கில் பேசி வளர்ந்த கற்றோர் இங்கிலாந்தின் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற விரும்பிய காலம் அது. அவர் பின்னர் கிளாஸ்கோவில் நிகழ்த்திய இத்துறை உரைகளின் மாணவர் குறிப்புகள் 1958இல் கண்டெடுக்கப்பட்டன. அணிகளின் மிகுதியை அவர் விரும்பவில்லை என்பதும், பேசுபவரின் உணர்வு தெளிவாகக் கேட்பவரைச் சென்றடைவதிலேயே நடையின் அழகைக் கண்டார் என்பதும் அவற்றால் தெரிகின்றன. 1759இல் வெளியான அவரது அறவியல் நூலின் அடித்தளமாகிய ஒத்துணர்வு, அதாவது பிறர் நிலையில் தம்மை வைத்துப் பார்க்கும் ஆற்றல், இவ்வுரைகளிலேயே வேர்கொண்டிருந்தது எனலாம். 1776இல் வந்த அவரது பொருளியல் பெருநூலிலோ, பண்டமாற்றை நாடும் மனித இயல்பு பகுத்தறிவிலிருந்தும் பேச்சாற்றலிலிருந்தும் பிறந்திருக்கக்கூடும் என்று அவர் கருதினார்.

பொருளியலரின் சொல்வன்மையை ஆராய்ந்து 1985இல் நூல் எழுதிய மெக்ளாஸ்கி எடுத்துக்காட்டும் பிழை ஒன்று, கேட்பவருக்கு விளங்கச் சொல்லும் கடமையின் எடையை உணர்த்துகிறது. தற்செயலால் மட்டும் விளைந்திருக்க வாய்ப்புக் குறைவு என்ற பொருளில் புள்ளியியலார் ஒரு முடிவைக் குறிப்பிடத்தக்கது என்பர். அச்சொல்லைப் பெரிய விளைவு என்ற பொருளில் கேட்பவர் எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிடுகிற ஆய்வாளர், இலக்கணப் பிழை ஏதுமில்லாத ஆங்கிலத்திலேயே உண்மையை மறைத்துவிடுகிறார். வழுவற்ற மொழி நேர்மைக்குச் சான்றாகாது.

எனவே, தமிழ்வழியில் பயின்று வரும் மாணவரை உச்சரிப்பால் அளந்து வாய்மூடச் செய்யும் வகுப்பு, சொல்லின் அறத்தையே தவறவிடுகிறது. விலையேற்றத்தின் காரணத்தை அதனால் வாடும் குடும்பத்துக்கு எந்த மொழியிலும் மயக்கமின்றி விளக்க முடிகிறதா என்று சோதித்து, ஆசிரியர்கள் அத்தெளிவுக்கே முதல் மதிப்பெண் வழங்க வேண்டும்.