மூத்த மகனின் வழக்கு

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழருக்குப் பாளையத்தை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. கணபதி கோயிலும் பள்ளிவாசலும் புனித சூசையப்பர் பேராலயமும் கூப்பிடு தொலைவில் நிற்கும் இடம் அது. அம்மூன்றிலும் கூடுவோர் வேறு வேறு பெயரால் இறைவனை அழைப்பினும், அவன் அருளாளன் என்பதில் அவர்களுக்குள் வழக்கு இல்லை. வழக்கு எழுவது வேறோர் இடத்தில். தவறு செய்தவனுக்கும் அருள் சுரக்குமாயின், தவறாமல் நடந்தவன் கண்ட பயன் என்ன? இரக்கம் நீதிக்குப் பகையா? கிறித்தவ பக்தி வாழ்வை முன்னிறுத்தி இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்க் கிறித்தவர் தம் செபங்களில் கிருபை, தயவு, இரக்கம் என்னும் சொற்களை மாறி மாறி வழங்குவர். பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் இரக்கத்தைக் குறிக்கும் 'ரகமீம்' என்னும் சொல், கருப்பையைக் குறிக்கும் 'ரெகெம்' என்னும் சொல்லோடு ஒரே வேரினது. இறைவனுக்கு அரபு மொழியில் வழங்கும் 'ரஹ்மான்' என்னும் திருப்பெயரும் அந்த வேரைச் சேர்ந்ததே. நற்செய்தி நூல்களின் கிரேக்க மூலத்திலோ, இயேசு மனமுருகினார் எனும் இடங்களில் 'குடல் கலங்கிற்று' என்னும் பொருளுடைய சொல் ஆளப்படுகிறது. நமக்கு இது புதிதன்று. 'பெற்ற வயிறு' என்று நம் தாய்மார் சொல்லும்போது இதையேதான் சொல்கின்றனர். ஆகவே இரக்கம் என்பது உயரத்தில் இருப்பவன் தாழ இருப்பவனுக்குப் போடும் பிச்சையன்று. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு அது.

வள்ளுவரும் இவ்வினாவை எண்ணாமல் விடவில்லை. அருளுடைமையைத் துறவறவியலில் 25-ஆம் அதிகாரமாக வைத்தவர், கண்ணோட்டத்தை அரசியலில் 58-ஆம் அதிகாரமாக வைத்தார். செங்கோல் ஏந்தி முறைசெய்பவனுக்கும் இரக்கம் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் தன் கடமை கெடாதவாறு கண்ணோடுபவனையே அவர் சிறப்பிக்கிறார். இரக்கமும் கடமையும் எவ்வாறு ஒருங்கே நிற்கும் என்பதே நம் சிக்கல்.

லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்திலுள்ள கெட்ட குமாரன் கதையை அறியாதார் அரியர். இளையவன் தன் பங்கைப் பிரித்து வாங்கித் தூர தேசம் சென்று அழித்துவிட்டுப் பசியோடு திரும்புகிறான். தந்தை ஓடிச்சென்று தழுவி விருந்து செய்கிறார். நாம் பெரும்பாலும் இந்த இடத்தோடு கதையை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். ஆனால் வயலிலிருந்து திரும்பிய மூத்த மகன் ஒருவன் வாசலிலேயே நிற்கிறான். இத்தனை ஆண்டு உழைத்த தனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லையே என்பது அவன் வழக்கு. அதனை எளிதில் தள்ளிவிட இயலாது.

என்னால் தள்ள இயலாமைக்குக் காரணம் உண்டு. நானே அந்த வாசலில் நின்றவன். திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊர். படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக இந்நகருக்கு வந்தேன். மாதந்தோறும் அம்மாவுக்கு மணியார்டர் அனுப்பினேன். என் தம்பியோ தன் பங்கு நிலத்தை விற்றுக்கொண்டு போனவன்; எட்டு ஆண்டுகள் ஒரு கடிதமும் இல்லை. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் ஊர் சென்றபோது அவன் அடுக்களையில் உட்கார்ந்து சோறு உண்டுகொண்டிருந்தான்; அம்மா அருகிலிருந்து பரிமாறிக்கொண்டிருந்தார். நான் திண்ணையை விட்டு உள்ளே போகவில்லை. வெளியே வந்த அம்மாவிடம், "இவனுக்கு இதுவா தண்டனை?" என்று கேட்டேன். அம்மா உரக்கப் பேசவில்லை. "நீ எப்பவும் சாப்பிட்டவன்யா, அவன் சாப்பிட்டு எத்தனை நாளாச்சோ" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லின் பொருள் விளங்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. யாருக்கு எது தகும் என்பது நீதியின் வினா. யாருக்குப் பசி என்பது இரக்கத்தின் வினா. இரண்டும் வெவ்வேறு வினாக்களாதலின் ஒன்றன் விடையால் மற்றொன்று பொய்யாகிவிடாது. கதையில் வரும் தந்தையும், தமக்குள்ளதெல்லாம் மூத்தவனுக்கே உரியது என்பதை மறுக்கவில்லை. விருந்து இளையவனுக்கு, உரிமை மூத்தவனுக்கு. மூத்தவன் இழந்தது ஒன்றுமில்லை. தம்பியின் வரவால் மகிழும் வாய்ப்பைத்தான் அவன் இழக்கவிருந்தான்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சும். மன்னிப்பு இவ்வளவு எளிதாயின் குற்றத்துக்கு விலையே இல்லையா? இங்கே நம் நகரோடு தொடர்புடைய ஒரு புலவரை நினைவுகூர்தல் தகும். 'கிறித்தவக் கம்பர்' எனப் போற்றப்படும் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, 1827-இல் நெல்லைக்கு அருகிலுள்ள கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர்; முப்பது வயதளவில் கிறித்தவம் தழுவியவர்; பின்னாளில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தமிழாசிரியராகவும் விளங்கியவர். ஆங்கிலேயராகிய ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது.

அவர் பிறந்த வைணவ மரபில் இறையருள் பற்றிய நெடிய விவாதம் ஒன்று உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல் உயிர் இறைவனைப் பற்ற வேண்டும் என்பர் வடகலையார். பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல் இறைவனே உயிரைக் காப்பான் என்பர் தென்கலையார். அருளுக்கு நம் முயற்சி வேண்டுமா வேண்டாவா என்னும் இவ்வழக்கு கிறித்தவ உலகிலும் பல நூற்றாண்டுகள் நடந்ததுதான். பன்யனின் யாத்திரிகன் முதுகில் பாவச்சுமையோடு புறப்படுகிறான். தானாக அவிழ்த்தெறிய இயலாத அச்சுமை சிலுவையின் முன்னே கழன்று வீழ்கிறது. சுமை பொய்யென்று அக்கதை சொல்லவில்லை. சுமையை வேறொருவர் ஏற்றார் என்றே சொல்கிறது. மன்னிப்புக்கு விலை இல்லாமல் இல்லை. அவ்விலையை மன்னிப்பவரே கொடுக்கிறார் என்பதே கிறித்தவர் சிலுவையிற் காணும் பொருள்.

இதையும் நான் நூலிற் கற்பதற்கு முன் வீட்டிற் கண்டேன். தம்பி வந்த மறு ஆண்டு ஊர் சென்றபோது அம்மாவின் கழுத்தில் இரட்டைவடச் சங்கிலி இல்லை. தம்பி பட்ட கடனுக்கு அது போயிருந்தது. கடன்காரர் எவரும் தம் பணத்தை இழக்கவில்லை. நீதிக்குக் குறைவு நேரவில்லை, கழுத்துத்தான் வெறுங்கழுத்தாயிற்று.

இனி மற்றொரு வினா. கருணைக்கடலான இறைவன், தன்னை நம்பினவரின் துன்பத்தை ஏன் நீக்குவதில்லை? 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை மார்த்தாண்டவர்ம மன்னரிடம் பணிபுரிந்தவர். குளச்சற்போரில் 1741-இல் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான டச்சுக்காரர் டி லனாய் அவருக்கு நண்பர். உடைமை இழந்து வருந்திய பிள்ளைக்கு, எல்லாம் இழந்த யோபுவின் கதையை டி லனாய் சொன்னார் என்பது வரலாறு. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை ஏற்ற பெயர் தேவசகாயம். 'கடவுள் துணை' என்பது பொருள். அப்பெயரோடுதான் அவர் சிறையும் வதையும் பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

துணையென்று பெயர் கொண்டவருக்குத் துணை எங்கே வந்தது என்று கேட்கத் தோன்றும். யோபுவின் கதையும் இக்கேள்விக்கு நேர்விடை தரவில்லை. துன்பத்தின் காரணம் அங்கே விளக்கப்படாமலே போகிறது. துன்புறுவோனைத் தனியே விடாத ஒருவரை மட்டும் அது காட்டுகிறது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் வெப்பத்தைத் தாய் தன் உடலுக்கு மாற்றிக்கொள்ள இயலாது. ஆனால் இரவெல்லாம் விழித்திருப்பாள். இதனை விடையென்று கொள்ளாதாரும் உளர். அவர் கூற்றையும் நாம் மதித்தல் வேண்டும். அவர் வாயை அடைக்க முற்படும் பக்தி இரக்கமற்ற பக்தியே.

இறுதியாக, பெற்ற இரக்கம் என்னாக வேண்டும்? மத்தேயு நற்செய்தியில் ஒரு கதை உண்டு. பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியன் ஒருவன், தனக்கு நூறு வெள்ளிக்காசு தரவேண்டியவனின் கழுத்தை நெரித்தான். அவன் பெற்ற மன்னிப்பு அவனுக்குள் தங்கவேயில்லை. இதற்கு நேர்மாறானவர் ஒருவர் நம் பழைய திருவிதாங்கூரில் வாழ்ந்தார். 1922-இல் எவரெஸ்டு ஏறச் சென்ற குழுவில் தியோடர் ஹவார்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவரும் இருந்தார். பனிச்சரிவில் சுமை தூக்கிவந்த எழுவர் மாண்டனர்; குழுவின் ஆங்கிலேயர் அனைவரும் பிழைத்தனர். அது அவர் நெஞ்சை வருத்தியது. அவ்வாண்டே இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூருக்கு வந்தார். லண்டன் மிஷன் மருத்துவமனை வாயிலில் நோயாளிகள் திரண்டு காத்திருக்க, மருத்துவர் ஒருவர் மட்டும் ஓயாது உழைப்பதைக் கண்டார். இங்கிலாந்தில் காத்திருந்த வாழ்வை விட்டு நெய்யூருக்கே வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தார். தாம் பிழைத்ததைத் தம் தகுதி என்று அவர் கொள்ளவில்லை. தம்மேல் ஏறிய கடன் என்று கொண்டார் போலும்.

அன்பர்களே, ஊர் விட்டு வந்த நாம் ஒவ்வொருவரும் நம் உழைப்பால் உயர்ந்தோம் என்று எண்ணுகிறோம். அதில் பொய் இல்லை. ஆனால் வந்த நாளில் தங்க இடம் தந்தவர், மொழி தெரியாதபோது வழி காட்டியவர் என எண்ணிப் பார்த்தால், நாம் கேளாமலே பெற்றவை எத்தனை! நாமும் ஒருகால் இளையவராய் இருந்தவர்தாம். மூத்தவன் அதை மறந்துவிட்டான். அவன் குறை அவ்வளவே.

அந்த மூத்த மகன் முடிவில் உள்ளே போனானா என்பதை லூக்கா எழுதவில்லை. தந்தை வெளியே வந்து வருந்தி அழைத்தார் என்பதோடு கதை நின்றுவிடுகிறது. நான் அன்று போகவில்லை. இரவு அம்மா திண்ணைக்கே எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தார். தம்பி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அருகில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான். "உட்காருடே" என்றேன். உட்கார்ந்தான்.