கொடையும் கடனும்

யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவில் தொடங்கி, நோன்பு நாளான யோம் கிப்பூர் வரை பத்து நாட்கள். போன ஆண்டின் கணக்கைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் நாட்கள் அவை. தீர்ப்பின் கடுமையைத் தணிப்பவை மூன்று என்கிறது அந்நாட்களின் வழிபாடு: மனந்திரும்புதல், பிரார்த்தனை, செதாக்கா. இந்த மூன்றாவது சொல்லைத் தமிழில் 'தானம்' என்று எழுத எனக்குத் தயக்கம். அதன் வேர்ச்சொல்லுக்கு நீதி என்று பொருள். அப்படிக் கொடுப்பவர் தன் கடமையைத்தான் செய்கிறார்; அதில் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் தன் சட்டத் தொகுப்பில் செதாக்காவை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. ஒருவர் இனி யாரிடமும் கையேந்தாதபடி அவரைத் தூக்கிவிடுவது உச்சிப் படி. கல்விக்குச் செய்யும் உதவியை அந்த உச்சியில் வைக்கவே நமக்குத் தோன்றும். ஆனால் தகப்பன் மகளுக்குத் தோரா கற்பிக்க வேண்டாம் என்ற முன்னோர் கட்டளையும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. நீதி என்று பெயரிடப்பட்ட கொடை, மகனுக்கும் மகளுக்கும் வேறு வேறாக இருந்தது.

1917இல் போலந்தின் கிராக்கோவ் நகரில், தையல் வேலை செய்து பிழைத்த சாரா ஷெனிரெர் தன் தையலறையிலேயே இருபத்தைந்து சிறுமிகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பெய்ஸ் யாக்கோவ். சில ஆண்டுகளில் ஒரு சமய அமைப்பு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பணம் வந்தது, பள்ளிகள் பெருகின. பெண்கள் படித்தார்கள், ஆசிரியைகளானார்கள். ஆனால் தல்மூது அவர்களின் பாடத்தில் இல்லை. சமூகத்துக்கான சட்டம் விவாதிக்கப்படுவது அந்த நூலின் வழியாகத்தான். கதவு திறந்தது உண்மை. எவ்வளவு திறக்கலாம் என்பதை முடிவு செய்தவர்கள் அவர்கள் அல்லர்.

யோம் கிப்பூர் பற்றி மிஷ்னா சொல்லும் ஒரு விதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனிதருக்கு மனிதர் செய்த தவறு, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளாலும் தீராது. கல்வி மறுக்கப்பட்ட பெண்ணுக்கு இழைக்கப்பட்டதும் அப்படிப்பட்ட தவறுதான். அறக்கட்டளைக்கு எழுதும் காசோலையால் மட்டும் அது தீர்ந்துவிடாது. என்ன படிக்க விரும்புகிறாள், எதற்காக, எதுவரை என்று அவளிடமே கேட்க வேண்டும்.

கணக்குப் பார்க்கும் நாளில், எவ்வளவு கொடுத்தோம் என்பதோடு நின்றுவிடக் கூடாது என்பேன். கொடுத்த பிறகு அவள்மேல் நமக்கு என்ன உரிமை இருப்பதாக நினைத்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். அடக்கமாக இருக்க வேண்டும், நாம் சொன்ன படிப்பையே படிக்க வேண்டும், காலமெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தால் அது செதாக்கா ஆகாது. கடனைத் திருப்பிக் கொடுப்பவர் நன்றி கேட்பதில்லை.