கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அமானத்

பல்லியைக் கண்டால் துடைப்பத்தைத் தேடும் வீடுகள் நம்முடையவை. அதை அடித்தால் நன்மை கிடைக்கும் என்று நன்னிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படியிருக்க, ஒரு பல்லியை விலை கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, தீனி போட்டு வளர்ப்பதைப் பற்றி என்ன சொல்வது?

இங்கிலாந்தில் வாழும் நம்மவர் குடும்பம் ஒன்றில் இக்கேள்வி எழுந்தது. தோழனின் வீட்டில் பார்த்து ஆசைப்பட்ட மகனுக்கு, வாப்பா வெளிர் நிறச் சிறுத்தைப் பல்லி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய நன்னி, "அடிச்சா நன்மைன்னு ஹதீஸ் இருக்கு. நீங்க அதுக்குத் தீனி போட்டு வளர்க்கிறீங்களா வாப்பா?" என்று கேட்டுவிட்டார். மகனார் குழம்பிப் போனார். முடிவு தெரியும்வரை இருக்கட்டும் என்று பெட்டியைக் கார்க் கொட்டகைக்கு மாற்றினார். வெப்பத் தகடு அணைந்தது, தீனியும் நின்றது. ஹலாலா ஹராமா என்ற விவாதம் மட்டும் நாள்தோறும் நடந்தது. குளிரில் சுருண்டு கிடந்த அந்த உயிரை எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அன்பர்களே! நாம் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

முதலில் ஹதீஸைப் பார்ப்போம். 'வஸக்' எனும் பல்லியைக் கொல்லுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக உம்மு ஷரீக் (ரலி) அவர்களின் அறிவிப்பு உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தீங்கு தரும் சிறு பிராணி என்று குறிப்பிட்டார்கள், ஆனால் கொல்லும்படி ஏவியதைத் தாம் கேட்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பும் உண்டு. இரண்டும் ஸஹீஹுல் புகாரியிலேயே இடம் பெற்றவை. சிறுத்தைப் பல்லியோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகிய வறண்ட நிலங்களைச் சேர்ந்தது. நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத அசையும் இமைகள் அதற்கு உண்டு. சுவரில் ஒட்டும் பாதங்கள் இல்லாததால் தரையில்தான் திரியும். இது 'வஸக்' என்பதில் அடங்குமா, இதை விற்பதும் வளர்ப்பதும் ஆகுமா என்பதை ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவது நம் கடமை. அந்தத் தீர்ப்பை வழங்கும் தகுதி நமக்கில்லை.

ஆனால் தீர்ப்பு எதுவாயினும் மாறாத ஒன்று உண்டு. கொல்ல அனுமதிக்கப்பட்ட பிராணியைக்கூட வதைக்க நமக்கு அனுமதி இல்லை. அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டிக்கொண்டு, பிராணிக்கு இலேசாக்கும்படி கற்பித்த மார்க்கம் இது. ஒரே அடியில் பல்லியைக் கொன்றவருக்கு, இரண்டாவது அடியில் கொன்றவரைவிடக் கூடுதல் நன்மை என்றுதான் ஸஹீஹ் முஸ்லிமின் அறிவிப்பும் கூறுகிறது. அப்படியானால், பட்டினியாலும் குளிராலும் பல நாள் எடுத்து மெல்லச் சாகவிடுவது எந்தக் கணக்கில் சேரும்? வளர்க்கலாம் என்பாருக்கும் அது பாவம். கொல்லலாம் என்பாருக்கும் அது பாவமே.

பூனையை அடைத்து வைத்துச் சாகவிட்ட பெண்ணின் வரலாற்றை நாம் அறிவோம். அவள் உணவும் கொடுக்கவில்லை. பூமியில் கிடைப்பதைத் தின்ன அவிழ்த்தும் விடவில்லை. அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. நம்மிடம் உள்ள இந்தப் பல்லிக்கு இரண்டாம் வழியும் கிடையாது. குளிர்நாட்டின் வெட்டவெளியில் விட்டால் அது பிழைக்காது. சொந்தப் பாலைநிலத்தில் விட்டாலும் அந்த வெளிர் நிறம் பருந்துக்கும் பாம்புக்கும் எளிதில் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே உணவளிப்பது ஒன்றே மிச்சம்; அல்லது பராமரிக்கத் தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அந்த நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருநிறமியை உண்டாக்கும் ஆற்றல் குறைந்து பிறப்பதால் வருவது அது. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அக்குறை வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். நிறத்திற்கு விலை உண்டு என்பதால் மனிதர்கள் தேடித்தேடி இணை சேர்க்கிறார்கள். அவ்வாறு உருவாக்கிய நிற வகைகளில், தலை சாய்ந்து சுற்றிச் சுற்றி வரும் நரம்புக் கோளாறு கொண்ட வகையும் ஒன்றுண்டு. நாம் ரசிக்கும் அழகு அந்த உயிருக்குச் சுமையாக இருக்கலாம். நிறமி குறைந்த கண்கள் வெளிச்சத்தில் கூசும். எனவே பெட்டியின் மேல் பளிச்சென்ற விளக்கு கூடாது. பகலில் பதுங்க இருண்ட மறைவிடங்கள் வேண்டும்.

பெட்டியின் ஒரு பக்கம் 30 முதல் 32 பாகை செல்சியஸ் வரை வெதுவெதுப்பாகவும், மறு பக்கம் 25 பாகை அளவிலும் இருக்கட்டும். தோல் உரிக்க ஈரமான மறைவிடம் ஒன்று தேவை; விரல்களில் உரிபடாமல் ஒட்டிய தோல் இறுகினால் விரலே போய்விடும். வெட்டுக்கிளி, புழு போன்ற இரையைச் சுண்ணாம்புச் சத்துத் தூள் தூவிக் கொடுக்க வேண்டும். புதிதாக வந்தது சில நாள் உண்ணாமல் ஒதுங்கும். அப்போது தண்ணீர் வைத்துவிட்டு, கையில் எடுக்காமல் விட்டுவிட வேண்டும். வாலைப் பிடித்தால் வால் கழன்று விழும். அதன் கொழுப்புச் சேமிப்பு அங்கேதான். தொட்ட பின் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இப்பிராணிகள் வயிற்றுநோய்க் கிருமியைச் சுமக்கும். நன்கு பேணினால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். இன்று ஆசைப்படும் பத்து வயதுப் பிள்ளை கல்யாண வயதை எட்டும் வரைக்குமான பொறுப்பு அது! வாங்கும் முன் இதைக் கணக்கிட்டோமா?

சிறுவர் அபூ உமைர் தம் சின்னக் குருவி இறந்து வருந்தியபோது, அதுபற்றி அன்போடு விசாரித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். பிள்ளையின் பிராணியை அற்பமாக எண்ணாதது அவர்களின் சுன்னத். பிள்ளை ஆசைப்படுவதைத் தடுக்க வேண்டாம். ஆசை வைத்த உயிருக்குப் பொறுப்பேற்கக் கற்றுக் கொடுப்போம்.

கேள்வி கேட்ட நன்னியிடமும் குறையில்லை. மார்க்கத்தின் மீதுள்ள பற்றினால் கேட்டார். ஆலிமிடம் விளக்கம் கேட்போம். அவர் சொல்வதை ஏற்போம். ஆனால் பதில் வரும்வரை வெப்பத் தகடு அணையக் கூடாது. தண்ணீர்க் கிண்ணம் வற்றக் கூடாது. நம் கைக்குள் வந்த எந்த உயிரும் நாளை மறுமையில் நமக்கெதிராகச் சாட்சி சொல்லாதபடி வல்ல நாயன் நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன்.