செவியைச் சாத்தும் உரிமை

செபராங் பிறை வடக்கிலுள்ள தாசேக் கெலுகோர், தோட்டங்கள் சூழ வளர்ந்த சிற்றூர். மலாக்கோப் தோட்டத்தின் பெயரை அறியாத தமிழர் அவ்வட்டாரத்தில் அரியர். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை தண்டவாளம் இரட்டையாகி மின்மயமுமாகி, 2015-ஆம் ஆண்டில் வடபகுதிக் கொமுட்டர் சேவை தொடங்கிய பின்னர், தெற்கே புக்கிட் மெர்தாஜாம், பட்டர்வொர்த் என்றும், வடக்கே சுங்கைப் பட்டாணி என்றும் நாள்தோறும் போய்த் திரும்புவோர்க்கு அவ்வூர் நிலையம் வாயிலாக அமைந்தது. அந்த இரயிலில் ஏறும் இளையோர் பலர் இருக்கையில் அமருமுன்னரே செவியை அடைத்துக்கொள்கின்றனர். சிலர் தலைமீது வளைந்து இரு காதுகளையும் முழுவதும் மூடுகின்ற, புற இரைச்சலை நீக்கும் ஹெட்போனை அணிகின்றனர். சிலர் கம்பியில்லா இயர்பட்டைக் காதுத் துளைக்குள் செருகிக்கொள்கின்றனர்.

இவ்விரண்டனுள் பயணத்துக்கு ஏற்றது எது என்று கேட்டால் கடைக்காரர் விலையும் எடையும் கூறி விடை சொல்லிவிடுவார். ஆயினும் அவர் விடை சொல்ல இயலாத வேறொரு வினா இதனுள் உண்டு. பலர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவன் தன் செவியைச் சாத்திக்கொள்ளலாமா? சாத்துவதாயின், பிறர் அறியச் சாத்த வேண்டுமா, அறியாமல் சாத்தினாலும் குற்றமில்லையா?

தமிழ் பயின்றோர் இவ்வினாவுக்கு விரைந்து ஒரு விடை கூறக்கூடும். திருவள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்தபடியாகக் கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஏட்டைத் தொடாதவனும் செவிவழியே அறிவு பெறலாம் என்னும் நம்பிக்கை அவ்வதிகாரத்தில் உண்டு. கேட்டல், வினாவுதல் இரண்டுக்கும் 'கேள்வி' என்னும் ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருக்கிறது. இத்தகைய மரபில் வந்தவர், செவியை அடைப்பவனைக் கண்டதும் அவன் அறிவின் வாயிலையே அடைக்கிறான் என்று தீர்ப்பெழுதிவிடுவர். அத்தீர்ப்பு அவசரமானது. அடைக்கப்படுவது எவ்வகை ஒலி என்பதை அது கேட்கவே இல்லை.

இரைச்சலை இரைச்சலால் அழிக்கும் எண்ணம் மிகப் பழையது. பால் லூயெக் என்னும் செருமானியர் 1936-ஆம் ஆண்டிலேயே அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வரும் ஒலியலையின் முகடு இருக்குமிடத்தில் பள்ளமும், பள்ளம் இருக்குமிடத்தில் முகடுமாக எதிர் அலையொன்றை எழுப்பிவிட்டால், இரண்டும் கூடி ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும் என்பதே அதன் அடிப்படை. அவ்வெண்ணம் பயணியின் காதுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராட்ட வீரர் ஒருவரின் மகனான அமர் போஸ், 1978-இல் சூரிக் நகரிலிருந்து விமானத்தில் திரும்புகையில், விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இசையைக் கேட்க முயன்றார். எந்திர இரைச்சல் இசையை விழுங்கிற்று. அப்பயணத்திலேயே அவர் கணக்குகளைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார் என்பர். விமானிகளுக்கான கருவி 1989-இல் விற்பனைக்கு வந்தது. பொதுமக்களுக்கானது 2000-ஆம் ஆண்டில் வந்தது.

அக்கருவி எல்லா ஒலியையும் ஒரே அளவில் தணிப்பதில்லை. விமான எந்திரம், சக்கரத்தின் உருளல், குளிர்சாதனத்தின் முனகல் போன்று தாழ்ந்த சுருதியில் இடைவிடாது ஒலிப்பவற்றை அது நன்றாகத் தணிக்கும். திடீரென எழும் குரலும் குழந்தையின் அழுகையும் அத்துணை எளிதில் அதற்கு அடங்கா. அதாவது, கேட்பதற்குரிய பொருள் ஏதுமில்லாத ஒலியைத்தான் அது முதலில் நீக்குகின்றது. அதனால் விளையும் நன்மையும் சிறிதன்று. இரைச்சலை நீக்காத கருவியை அணிந்தவர் இரயில் ஓசையை வெல்வதற்காகப் பாட்டின் ஒலியை ஏற்றிக்கொண்டே போவார். எண்பது டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதே வயது வந்தோர்க்கு எல்லை என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. மூன்று டெசிபல் ஏறினால் அந்நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அக்கணக்கின்படி 90 டெசிபலில் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரமே மிஞ்சும். உட்காதிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் மடிந்தால் மனிதர்க்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. இன்று இரைச்சலைத் தடுத்துக் குறைந்த ஒலியில் கேட்பவன், முதுமையில் பேரக்குழந்தையின் மழலையைக் கேட்பதற்காகச் செவியைச் சேமித்து வைக்கிறான் என்றே கொள்ள வேண்டும். செவியைச் சாத்துவது செவிக்குச் செய்யும் உதவியாகவும் இருக்கக்கூடும்.

கருவிகள் இரண்டின் வசதிகளைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. பெரிய ஹெட்போன் ஏறக்குறைய கால் கிலோ எடையுள்ளது. நல்லதாயின் ஒரு முறை மின்னேற்றினால் முப்பது மணி நேரம் வரை உழைக்கும். நம் நாட்டு வெப்பத்தில் காதைச் சுற்றி வியர்க்கச் செய்யும். இயர்பட் சில கிராமே இருக்கும். ஐந்து முதல் எட்டு மணி நேரத்தில் உறைக்குத் திரும்பி மின்னேற்றம் பெற வேண்டும். இருக்கையின் இடுக்கில் விழுந்தால் தேடியெடுப்பது பெரும்பாடு. பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் செல்லும் மாணவர்க்கு இரண்டுமே போதும். கண்டம் விட்டுக் கண்டம் பறப்பவர்க்கு முன்னதே தாங்கும்.

அறநோக்கில் இவ்விரண்டையும் பிரிப்பது அவற்றின் தோற்றமே. தலைமீது ஹெட்போனை வளைத்திருப்பவர், "இப்போது எனக்குக் கேட்காது" என்று ஊரறியச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிறார். அவரிடம் பேச விரும்புபவர் தோளைத் தொடுவார், அல்லது விட்டுவிடுவார். ஒருவரும் ஏமாறுவதில்லை. இயர்பட்டோ தலைமுடிக்குள்ளும் முக்காட்டுக்குள்ளும் மறைந்துகொள்கிறது. எதிரே அமர்ந்த மூதாட்டி, "தம்பி, இந்த இரயில் புக்கிட் மெர்தாஜாமில் நிற்குமா?" என்று கேட்கிறார். தம்பியின் கண்கள் திறந்திருக்கின்றன. முகம் அவர் பக்கமே திரும்பியிருக்கிறது. விடை மட்டும் வருவதில்லை. அம்மூதாட்டி அதைச் செவியடைப்பு என்று அறியார். அவமதிப்பு என்றே அறிவார். இதைவிடக் கொடியது, பாதி கேட்டும் பாதி கேளாமலும் தலையசைப்பது. கேட்காத சொல்லுக்குத் தலையசைத்தலும் ஒருவகைப் பொய்யே.

இக்கவலை புதிதன்று. சோனி நிறுவனம் 1979-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வாக்மேன் கருவியை வெளியிட்டபோது, அதில் இருவர் ஒருங்கே கேட்பதற்காக இரண்டு துளைகளை வைத்தது. செம்மஞ்சள் நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தது. அதை அழுத்தினால் இசை தாழும். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சிறு ஒலிவாங்கி வழியே தமக்குள் பேசிக்கொள்ளலாம். அந்நிறுவனத்தின் தலைவர் அக்கியோ மொரித்தா அக்கருவியை வீட்டில் சோதித்தபோது, தாம் ஒதுக்கப்பட்டதாக அவர் மனைவி வருந்தினார் எனவும், ஒருவர் மட்டும் தனித்துக் கேட்பது மரியாதையாகாது எனக் கருதியே இந்த ஏற்பாட்டைச் செய்ததாகவும் அவரே தம் நூலில் எழுதியுள்ளார். ஆயின் வாங்கியவர்கள் அக்கருவியைப் பிறரோடு பகிரவில்லை. தமக்கே உரிய உடைமையாகக் கொண்டனர். பின்வந்த கருவிகளில் அப்பொத்தான் மறைந்தது. வணிகர் ஒருவர்க்குத் தோன்றிய அறக்கவலையை வாங்கியவர்களே வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டனர் எனலாம்.

பெரிய ஹெட்போனின் நேர்மையையும் அளவுக்கு மீறிப் புகழ்வதற்கில்லை. புற ஒலியை உள்ளே விடும் வசதியும் இக்காலக் கருவிகளில் உண்டு. அதை இயக்கிவிட்டுச் செவிடர்போல் அமர்ந்து அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பவரும் இருக்கலாம். அன்றியும், ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் விலைபோகும் உயர்தரக் கருவியைத் தலைமீது சூடிவருவதில் செல்வச் செருக்கு கலந்திருப்பதும் உண்டு. மலேசியாவின் குறைந்தபட்ச மாத ஊதியம் 2025-இல்தான் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது என்பதை நினைத்தால், அமைதியின் விலை யாருக்கு எட்டும், யாருக்கு எட்டாது என்பது விளங்கும்.

இங்கேதான் பினாங்கு மக்களுக்கு இப்பொருள் நெருக்கமாகின்றது. பாயான் லெப்பாஸில் 1972-இல் நாட்டின் முதல் சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்தது முதல், செபராங் பிறையின் கம்பங்களிலிருந்தும் தோட்ட லயங்களிலிருந்தும் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தேறி மின்னணு ஆலைகளுக்குச் சென்றனர். சோனி நிறுவனம் 1973 முதல் பினாங்கு மாநிலத்தில் ஆலை நடத்திற்று. ஹெட்போன் உள்ளிட்ட ஒலிக்கருவிகள் அங்கே உருவாயின. அதை மூடி, பணிகளைச் சிலாங்கூர் ஆலையோடு இணைக்கும் முடிவு 2021-இல் அறிவிக்கப்பட்டது. அமர் போஸ் நிறுவிய நிறுவனத்தின் ஆலையொன்றும் பத்து காவானில் இயங்கிப் பின்னர் கைமாறிற்று. உலகப் பயணிகளின் காதுகளுக்கு அமைதி தரும் கருவிகளைப் பூட்டிய கைகள், இரவு வேலை முடிந்து, தடதடக்கும் பேருந்தின் சன்னலில் சாய்ந்து தூங்க முயன்ற கைகளும் ஆகும்.

அத்தகைய தொழிலாளி ஒருத்தி விடியற்காலையில் வீடு திரும்பும்போது இயர்பட்டைச் செருகிக் கண்ணை மூடினால், அவளை நோக்கிக் 'கேள்வி' அதிகாரத்தைப் போதிப்பவர் மனிதத் தன்மை இழந்தவரே ஆவார். எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ அவள் செவி ஆலையின் எந்திரங்களுக்கும் மேற்பார்வையாளரின் ஆணைகளுக்கும் கடன்பட்டுக் கிடந்தது. அக்கடன் தீர்ந்தபின் அரைமணி நேரம் அதைத் தனக்கென வைத்துக்கொள்ள அவளுக்கு முழு உரிமை உண்டு. அவள் உறங்குகிறாள் என்பதை மூடிய கண்களே கூறிவிடுவதால், அவளுடைய சிறு கருவி யாரையும் ஏமாற்றவும் இல்லை. பெரிய ஹெட்போனோடு சன்னலில் தலைசாய்த்து உறங்குவதும் எளிதன்று. ஆகவே, மறைந்திருக்கும் கருவியை அணிபவரெல்லாம் மறைக்கும் நோக்கினர் என்று கூறிவிட முடியாது. அவரவர் களைப்பையும் வாங்கும் வசதியையும் அறிந்தே கூற வேண்டும்.

களைப்பில்லாதவர்க்கு இந்த விலக்குப் பொருந்தாது. பகற்பொழுதில் இருபது முப்பது நிமிடமே செல்லும் கொமுட்டர் பயணத்தில் ஒரு பெட்டிக்குள் மலாய், ஹொக்கியன், தமிழ் என மூன்று மொழிகள் ஒலிக்கின்றன. பினாங்குத் தமிழரில் முன்னோர் பலர் ஹொக்கியன் பேசக் கற்றது எந்தப் பள்ளியிலும் அன்று. சந்தையிலும் பேருந்திலும் படகிலும் காதைத் திறந்து வைத்திருந்ததால் கற்றனர். தோட்டங்களில் வீட்டுக்கொரு வானொலி இல்லாத காலத்தில், இருந்த வானொலியைச் சுற்றிப் பல குடும்பங்கள் கூடிக் கேட்டன. விருப்பமில்லாத பாட்டையும் கேட்டே ஆக வேண்டியிருந்தது. அக்காலத்தை முற்றிலும் இனியதாகக் காட்டுவதற்கில்லை. கோயில் திருவிழா ஒலிபெருக்கியால் தேர்வுக்குப் படிக்க முடியாமல் தவித்த தோட்டத்துப் பிள்ளைகள் பலர். தன் பாட்டைத் தன் காதோடு நிறுத்திக்கொள்ளும் இன்றைய இளைஞன், கைப்பேசியில் உரத்த குரலில் நாடகம் ஓடவிடும் முதியவரைவிட நாகரிகமானவன் என்பதையும் நேர்மையாக ஒப்ப வேண்டும். ஆயினும், தான் தெரிந்தெடுத்ததை மட்டுமே கேட்டு வளரும் செவி, தான் தெரிந்தெடுக்காத மனிதரோடு வாழப் பழகுவது எங்ஙனம்?

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, நெடுந்தொலைவு விமானத்துக்கும் தொலைதூர இரயிலுக்கும் காதை மூடும் பெரிய கருவியே தகும் என்று துணியலாம். அங்கே இரைச்சல் நீண்டது. உடன் அமர்ந்தவரும் தனிமையை எதிர்பார்க்கிறார். கருவி தன் இருப்பை மறைக்கவும் இல்லை. ஊரார் ஏறி இறங்கும் குறும்பயணத்தில், உறங்க வேண்டியவர் தவிர மற்றவர்க்கு இரண்டும் தேவையில்லை. பாட்டின்றி இருக்க இயலாதவர் ஒரு காதுக்கு மட்டும் இயர்பட்டை அணிந்து மறுகாதைத் திறந்து வைக்கலாம். மின்சார இரயில் பழைய டீசல் வண்டியைப்போல் தன் வரவை முழங்கி அறிவிப்பதில்லையாதலால், நடைமேடையில் நிற்கையில் திறந்த காது உயிர்க்காவலும் ஆகும்.

இதற்குள் இளையோரிடையே தாமாகவே ஒரு மரியாதை முளைத்து வருகிறது. பெரியவர் பேச வருவதைக் கண்டதும், பெரிய ஹெட்போனை அணிந்தவர் அதைக் கழுத்துக்கு இறக்கிவிடுகிறார். எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிய அக்காலப் பணிவை அது சற்றே நினைவூட்டுகிறது. இயர்பட் அணிந்தவர் ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு "சொல்லுங்க பாட்டி" என்கிறார். மற்றொன்று உள்ளேயே இருக்கிறது. அந்த இரண்டாவதும் வெளியே வந்து, உறைக்குள் விழுந்து, மூடி 'டக்' என்று சாத்தப்படும் ஓசையைக் கேட்ட பின்னரே பேச்சைத் தொடங்கும் பாட்டிமாரும் தாசேக் கெலுகோரில் இருக்கக்கூடும்.