பூட்டும் புல்லாங்குழலும்

இசை, உள்ளத்தை உயர்த்தும் ஏணியா, உணர்வை மயக்கும் மதுவா? முஸ்லிம் உலகம் பன்னூறு ஆண்டுகளாக வாதாடி வரும் வழக்கு இது. ‘சமா’ எனும் இசைக்கூட்டத்திலே இறையன்பைப் பாடக் கேட்டு உருகினர் சூஃபிகள். ஆகாது என்றனர் மார்க்க அறிஞர் பலர். 1111இல் மறைந்த கஸ்ஸாலியோ, நெஞ்சில் ஏற்கெனவே உள்ளதைத்தான் இசை கிளறுகிறது என்றார். எனவே, ஆராய வேண்டியது பாட்டை அன்று, கேட்பவன் நெஞ்சை!

டில்லியில், கியாசுத்தீன் துக்ளக் ஆட்சியிலே (1320–1325), நிஜாமுத்தீன் அவுலியா உலமாக்கள் முன் நின்று சமாவுக்காக வாதாட நேர்ந்தது. அரசும் போயிற்று, அவையும் கலைந்தது. அவர் தர்காவில் கவ்வாலி இன்றும் ஒலிக்கிறது.

பழமைவாதி பாட்டைத் தடுத்தால் நமக்கு வியப்பில்லை. சீர்திருத்தக்காரனே தடுத்தால்? அதுவன்றோ நம்மைச் சுடும் கேள்வி!

1925இல் துருக்கிக் குடியரசு சூஃபி மடங்களை மூடிற்று. ஷேக்குகளின் பிடியும் மூடநம்பிக்கையும் காட்டப்பட்ட காரணங்கள். அவை அற்பமானவை என்று நாம் கூறோம். ஆனால், மவ்லவி மடங்களுக்குப் பூட்டுப் போட்டபோது, ‘நெய்’ எனும் நாணற்குழலும் தன் வீட்டை இழந்தது. 1950களில் கொன்யா நகரிலே அதே இசை, அதே சுழலாட்டம், பொதுமேடை ஏறின. 2008இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றன. வழிபாடெனில் குற்றம், காட்சியெனில் கலை! குழல் ஒன்றே, நீதி மட்டும் இரண்டா?

பூட்டு ஒருபுறம், வெடிகுண்டு மறுபுறம். 2017 பிப்ரவரி 16 அன்று, சிந்து மாநிலத்துச் சேவான் தர்காவில், முரசொலிக்கு ஆடும் ‘தமால்’ வேளையில் வெடித்த குண்டு 80க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மறுநாளே அங்கு மணி ஒலித்தது. சட்டம் போட்டவனையும் குண்டு வைத்தவனையும் ஒரே தட்டில் வைக்கமாட்டோம். ஆயினும், பிறன் பாடலாமா என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமையை இருவருமே எடுத்துக்கொண்டனர்.

அப்படியானால் திருத்த வேண்டியது எதுவுமே இல்லையா? உண்டு! பாட்டைக் கேட்டுப் பரவசமடைந்த கூட்டமே, பரம்பரைப் பாடகனைத் தாழ்ந்த குடியினன் என்று ஒதுக்கியதும் உண்டு. அந்த ஏற்றத்தாழ்வை ஒழியுங்கள். மடத்தலைவனின் ஆதிக்கத்தை ஒடுக்குங்கள். காணிக்கைக்குக் கணக்குக் கேளுங்கள். வேண்டாதவன் விலகி நிற்கட்டும். எள்ளி நகையாடவும் செய்யட்டும். பாடுபவன் வாயைப் பொத்தும் கை மட்டும் வேண்டாம்!

கறை துடைப்பது சீர்திருத்தம். குழலை ஒடிப்பது அன்று.