எழுவாய் எங்கே போயிற்று?

அணி என்றால் அழகு என்று சொல்லித்தான் நமக்குத் தமிழ் கற்பிக்கிறார்கள். உவமை, உருவகம் என்று மனப்பாடம் பண்ணி, பரீட்சையில் கொட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். ஏதோ கம்பனுக்கும் இளங்கோவுக்கும் மட்டுமே ஆன சங்கதி மாதிரி. ஆனால் தமிழில் அன்றாடம் அணி கட்டுகிறவர்கள் கவிஞர்கள் அல்ல. செய்தித்தாள்காரர்களும் அரசாங்கக் கோப்பு எழுதுகிறவர்களும்தான்.

தற்குறிப்பேற்ற அணியை எடுத்துக்கொள்வோம். இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. மதுரை மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. கோவலனை உள்ளே வராதே என்று அவை கைகாட்டி மறித்ததாக இளங்கோ சொல்கிறார். மந்தைவெளிப் பக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் நான் தமிழ் சொல்லித்தருவதுண்டு. இதை நடத்தியபோது ஒரு பையன் கேட்டான்: "அப்ப, 'விஷவாயு தாக்கி இருவர் பலி'ன்னு பேப்பர்ல போடுறாங்களே, அதுவும் அதான சார்? வாயு எப்டி சார் தாக்கும்?"

இதைவிடச் சரியான உதாரணத்தை நான் எந்த உரையிலும் பார்த்ததில்லை. மலமும் கழிவும் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. அது யாரையும் தேடிப்போய்த் தாக்குவதில்லை. மூடிய குழிக்குள் அதுபாட்டுக்குக் கிடக்கிறது. மனுசனை அங்கே இறக்கியவன் வேறொருத்தன். கூலி பேசினவன் ஒருத்தன், மூடியைத் திறந்துவிட்டவன் ஒருத்தன், 'அஞ்சு நிமிச வேலதான்'னு சொன்னவன் ஒருத்தன். தலைப்பில் இவர்கள் யாரும் இல்லை. வாயு எழுவாயாகிவிட்டது. அப்புறம் அந்தப் 'பலி' என்கிற சொல். யார், யாருக்குக் கொடுத்த பலி?

எனக்குள்ள அறக்கேள்வி இங்கேதான். அந்தத் தலைப்பில் பொய் எதுவும் கிடையாது. இரண்டு பேர் செத்தது நிஜம். வாயுவால் செத்தது நிஜம். பொய்யே இல்லாத ஒரு வாக்கியம் அநியாயமாக இருக்க முடியுமா? முடியும் என்கிறேன். வாக்கியம் சேதி சொல்வதோடு நிற்பதில்லை, பொறுப்பையும் பங்கு வைக்கிறது. வாயுவை எழுவாயாக வைத்துவிட்டால் வழக்கை யார்மேல் போடுவது? தீங்கில்லாமல் சொல்வதே வாய்மை என்பது வள்ளுவர் வைத்த அளவுகோல். பூசி மெழுகுகிறவர்களும் அதே குறளைத்தான் காட்டுவார்கள் என்பது தெரியும். தீங்கு யாருக்கு என்று கேட்டால் அவர்கள் வாய் அடைத்துப்போகும்.

குழிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இடையில், 2021 ஜூலையில், கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு பதில் சொன்னது. சாக்கடையிலும் மலக்குழியிலும் செத்தவர்களை 'அபாயகரமான துப்புரவு' என்று வேறு தலைப்பில் எழுதிவைத்திருந்தார்கள். பேரை மாற்றினால் பிணமே காணாமல் போகிறது.

சுடுகாட்டை நன்காடு என்பதற்கு நன்னூலார் மங்கலம் என்று பெயர் தந்தார். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி மூன்றும் தகுதி வழக்காம். யாருடைய தகுதி? 1970இல் வந்த குடிசை மாற்று வாரியம், 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவு என்று சொல்லி வீடுகளை இடித்தார்கள். பக்கிங்காம் கால்வாய் ஓரம் தலைமுறையாய் வாழ்ந்தவர்களுக்குக் கோப்பில் இருந்த பேர் ஆக்கிரமிப்பாளர்கள். அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்துச் செத்தார். இப்படி அகற்றுகிற சனங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்குகிற இடங்களுக்குக் கண்ணகி நகர், எழில் நகர் என்று பேர். (அரசனின் அநீதிக்கு ஊரையே எரித்தவள் பேரை வைத்த அதிகாரிக்குச் சிலப்பதிகாரம் மறந்துபோயிருக்கும்.)

பேர் பற்றிய சண்டை நமக்குள்ளும் பழசுதான். 1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் தம் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பேர் வைத்தார். அயோத்திதாசர் அந்தச் சொல்லையே ஏற்கவில்லை. சாதிபேதமற்ற திராவிடர், பூர்வத் தமிழர் என்றார். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். ஒருவர் இழிசொல்லை நிமிர்த்தி வைத்தார், மற்றவர் தூக்கி எறிந்தார். எதிரெதிர் வழிகள்தான், ஆனால் இரண்டிலும் பேசுகிறவனே எழுவாய். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததை நான் வரவேற்கிறேன். சொல் போன பிறகும் தெரு தனியாகவே கிடந்தால் அது மங்கலமா, இடக்கரடக்கலா என்று நன்னூலாரைத்தான் கேட்க வேண்டும்.

நம் துண்டறிக்கைகளையும் ஒருதரம் எடுத்துப் பாருங்கள், தோழர்களே. 'தாழ்ந்தவர்' என்பதைத் 'தாழ்த்தப்பட்டவர்' என்று மாற்றியது பெரிய காரியம். யாரோ தாழ்த்தினான் என்கிற சேதி அதற்குள் வந்துவிட்டது. ஆனால் தாழ்த்தினவன் யார்னு அதுல இன்னும் எழுதல.